பொய்க் காசும் மெய்க் காசும்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் செல்லும் கடற்கரைச் சாலையை அறிந்தவர்களுக்கு, அங்கே வரிசையாக நிற்கும் கன்டெய்னர் லாரிகளை நாம் வருணிக்க வேண்டுவதில்லை. துறைமுகத்து வாயிலில் தம் முறை வரும்வரை அவை மணிக்கணக்கில் காத்து நிற்கும். நெரிசல் முற்றிய காலங்களில் நாட்கணக்கிலும் நின்றதுண்டு. இரவு வேளையில் அவ்வரிசையின் ஓரமாக நடந்து செல்பவர், லாரியின் முகப்புதோறும் ஒரு சிறு வெளிச்சத்தைக் காண்பார். அது டிரைவரின் கையிலுள்ள செல்போனின் வெளிச்சம். ஒருவர் ஊரிலுள்ள மனைவி மக்களோடு பேசிக்கொண்டிருப்பார். ஒருவர் சினிமாப் பாட்டுக் கேட்பார். மற்றொருவர் ஒன்றும் பேசாமல் கண்ணாடித் திரையை விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். அவர் தட்டத் தட்ட மூன்று சக்கரங்கள் சுழன்று நிற்கும், மணி ஒலிக்கும், பொற்காசுகள் மழையெனக் கொட்டும். அந்தக் காசுகள் மெய்யா, பொய்யா? இக்கேள்வியையே இன்று ஆராயப் புகுகிறோம்.

காசினோ என்னும் சூதுமனை தமிழ்நாட்டில் இல்லை. கோவாவுக்கோ கொழும்புக்கோ போகும் வசதி படைத்தவர்களே அதை நேரில் கண்டவர்கள். ஆனால் சூதுமனையின் உருவம் நமது வீடுகளுக்குள் நெடுநாட்களுக்கு முன்பே புகுந்துவிட்டது. அமெரிக்காவில் 1979-ஆம் ஆண்டிலேயே அட்டாரி என்னும் கம்பெனி, வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் விளையாட்டுகளுள் ஒன்றாகக் காசினோவையும் விற்றது. பின்னர் கம்ப்யூட்டர்கள் வீட்டுக்கு வந்தன. 1996-ல் சியரா கம்பெனியார் 'ஹாயில் காசினோ' என்ற விளையாட்டை வட்டத் தட்டில் பதித்து வெளியிட்டார்கள். ஹாயில் என்பவர் 1742-ல் சீட்டாட்டத்துக்கு விதிநூல் எழுதிய ஓர் ஆங்கிலேயர். அவர் பெயரைக் கடன் வாங்கி, அவர் கனவிலும் கண்டிராத யந்திரத்தில், ரூலெட் சக்கரமும் இருபத்தொன்று சீட்டும் நெம்புகோல் இழுக்கும் காசுப் பொறியும் ஆட வைத்தார்கள்.

உண்மையை ஒளிப்பானேன்? நாம் சட்டக் கல்லூரி மாணவனாக இருந்த நாளில், கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜாரில் அவ்விதமான தட்டு ஒன்றை வாங்கினோம். அது கள்ளப் பிரதி என்பதை அன்று நாம் அறியாமல் இல்லை. சட்டம் படிக்கும் மாணவன் செய்யத்தக்க காரியமா என்று கேட்கும் நேயர்களுக்கு நம்மிடம் பதில் இல்லை. ஒரு கோடை விடுமுறை முழுவதும் இரவில் அந்தச் சூதுமனையிலேயே குடியிருந்தோம். முதல் நாள் கையில் இருந்த காசு இரட்டித்தது. நமது மதிநுட்பத்தை நாமே வியந்துகொண்டோம். மூன்றாம் நாள் பாதி போயிற்று. வாரம் முடிவதற்குள் ஒன்றும் இல்லை. பிறகு என்ன? விளையாட்டை மூடித் திறந்தால், மறுபடியும் முதல் நாள் இருந்த காசு கைக்கு வந்துவிடும். தருமபுத்திரருக்கு இந்தச் சௌகரியம் இருந்திருந்தால் பாரதப் போரே நடந்திராது. மீண்டும் ஆடினோம், மீண்டும் ஓட்டாண்டியானோம். எத்தனை முறை ஆடினாலும் முடிவு ஒன்றாகவே இருந்தது. நாம் இழந்ததெல்லாம் தட்டின் விலையும் சில இரவுகளின் தூக்கமுமே.

அந்தத் தோல்வியின் காரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது கடினமன்று. அமெரிக்க வழக்கப்படி அமைந்த ரூலெட் சக்கரத்தில் 38 குழிகள் உண்டு. 1 முதல் 36 வரை எண்கள். அவற்றோடு ஒரு சுழியமும், ஓர் இரட்டைச் சுழியமும். ஓர் எண்ணில் 10 ரூபாய் கட்டி, உருண்டை அங்கே விழுந்தால் 35 மடங்கு லாபமும் கட்டிய பணமும் சேர்ந்து 360 ரூபாய் கிடைக்கும். ஒருவர் 38 குழிகளிலும் பத்துப் பத்து ரூபாய் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அவர் செலவு 380, வரவு 360. எந்தக் குழியில் விழுந்தாலும் சூதுமனைக்காரருக்கு 20 ரூபாய் மிச்சம். நூற்றுக்கு ஏறக்குறைய 5 ரூபாய் 26 காசு. இதில் மோசடி ஒன்றுமில்லை. சக்கரம் யோக்கியமாகவே சுழல்கிறது. யோக்கியமாகச் சுழல்வதனாலேயே லாபம் தவறாமல் வருகிறது.

சூதுமனையில் மேஜையைச் சுற்றிப் பலர் அமர்ந்து, பணயம் வைத்து, எண்ணி, பட்டுவாடா செய்து முடிப்பதற்குள் மணிக்கு நாற்பது முறை சக்கரம் சுழன்றால் அதிகம். ஒரு சுற்றுக்குப் பத்து ரூபாய் வீதம் வைப்பவர் மணிக்கு 400 ரூபாய் பணயம் வைக்கிறார். சராசரியில் 21 ரூபாய் இழக்கிறார். செல்போனில் ஆறு நொடிக்கு ஒரு முறை தட்டலாம். மணிக்கு 600 சுற்று. 6,000 ரூபாய் பணயம். ஏறக்குறைய 316 ரூபாய் நஷ்டம். ஆட்டம் ஒன்றே, விதி ஒன்றே. வேகம் மட்டுமே மாறியது. லாரியில் எட்டு மணி நேரம் காத்திருப்பவரின் கதி என்ன என்பதை நேயர்களே பெருக்கிப் பார்க்கலாம். இக்கணக்கைக் கல்லூரியில் ஓர் ஆசிரியரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. பொய்க் காசு வைத்து ஆடிய அந்தத் தட்டே சொல்லித் தந்தது. ஆகவே, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆடிய பழைய காசினோ விளையாட்டைச் சூது என்று தூஷிக்க நாம் உடன்படோம். அதை விற்ற கம்பெனி விலையை ஒரே முறை வாங்கிக்கொண்டு விலகிவிட்டது. நாம் தோற்றாலும் ஜெயித்தாலும் அதற்கு ஒன்றுதான். ஆகையால் நம்மை ஏமாற்ற வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை.

அந்த அவசியம் உள்ளவர்கள் பின்னர் வந்தார்கள். இன்டர்நெட் வழியாக மெய்ப் பணம் வைத்து ஆடும் சூதுமனைகள் தோன்றிய காலத்தில், புதிதாக வருவோர் பழகிக்கொள்வதற்கென்று பொய்க் காசு ஆட்டம் ஒன்றையும் வாசலில் வைத்தார்கள். கனடாவில் லவால் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அவ்விதமான 117 தளங்களைச் சோதித்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றுள் நூற்றுக்கு 39 தளங்களில், ஒத்திகை ஆட்டத்தில் கட்டிய காசுக்கு மேலாகவே திரும்பி வந்தது. மெய்ப் பணம் கட்டிய பிறகு அந்தத் தாராளம் காணப்படவில்லை. சூதில் பெறும் வெற்றி மீன் விழுங்கிய தூண்டில் முள் போன்றது என்று வள்ளுவர் சொன்னதை நமது காசிமேட்டு மீனவருக்கு விளக்க வேண்டுவதில்லை. ஆனால் வள்ளுவர் காலத்துத் தூண்டிலில் மீனுக்கு ஒத்திகை கிடையாது.

இந்த வட்டாரத்துக்குத் தொலைவிலிருந்து வரும் சூது புதிதன்று. இராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் உள்ள முதியவர்களைக் கேட்டால், 'காட்டன்' ஆடிக் கெட்டவர்களின் கதையைச் சொல்வார்கள். நியூயார்க் பஞ்சுச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் தந்தி வழியாகப் பம்பாய்க்கு வந்து சேரும். அந்த எண்களின் மேல் பணம் கட்டுவார்கள். பஞ்சைக் கண்ணால் காணாதவன் பஞ்சு விலையின் மேல் பணம் கட்டிய விந்தை அது. 1960-களின் தொடக்கத்தில் அந்த விலைகள் வருவது நின்றதும், பானையில் சீட்டுப் போட்டு எடுக்க ஆரம்பித்தார்கள். 'மட்கா' என்ற பெயர் அதனால் வந்தது. ஆயினும் தமிழ்நாட்டில் காட்டன் என்ற பெயரே நிலைத்தது. போலீஸ் செய்திகளில் இன்றும் அச்சொல்லைக் காணலாம். 1968-ல் சர்க்காரே லாட்டரிச் சீட்டு விற்கப் புகுந்தது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற வாசகம் அன்று சிறுவர் வாயிலும் வழங்கியது. ஆலைக் கூலியும் துறைமுகக் கூலியும் சீட்டுக் கடைக்குப் போன வழியைக் கண்ட பிறகு, 2003 ஜனவரியில் லாட்டரி தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. கடையில் சீட்டு இல்லாமற் போன சில ஆண்டுகளுக்குள் கடையே பாக்கெட்டுக்குள் வந்துவிட்டது.

அதன்பின் நடந்த சட்டப் போராட்டம் பத்திரிகை வாசிப்போர் அறிந்ததே. சுருக்கமாகச் சொல்லிச் செல்வோம். 2020 நவம்பரில் தமிழ்நாட்டு சர்க்கார் அவசரச் சட்டம் பிறப்பித்து இன்டர்நெட் சூதைத் தடுத்தது. 2021 பிப்ரவரியில் அது சட்டமாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 3-ந் தேதி சென்னை ஹைகோர்ட் அதை ரத்துச் செய்தது. 1968-லேயே சுப்ரீம் கோர்ட், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று சொல்லியிருந்தது. 1996-ல் குதிரைப் பந்தயமும் திறமையே என்று தீர்ப்பாயிற்று. கிண்டியில் கனவான்கள் குதிரையின் மேல் பணம் கட்டினால் திறமை, தண்டையார்ப்பேட்டைச் சந்தில் கூலிக்காரர் மூன்று சீட்டு ஆடினால் லாக்கப்பு என்ற இந்த ஏற்பாட்டைப் பற்றி வேறொரு நாள் எழுதுவோம்.

2022 ஜூன் மாதத்தில் இந்த வடசென்னை வட்டாரத்திலேயே, ரம்மியில் பணத்தையும் நகையையும் இழந்த ஓர் இளந்தாய் உயிர் துறந்தார். அச்செய்தி வந்த சில நாட்களுக்குள் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு கமிட்டி நியமிக்கப்பட்டது. அம்மாதம் 27-ந் தேதி அறிக்கை தயாராயிற்று. அக்டோபரில் சட்டசபை மசோதாவை நிறைவேற்றியது. கவர்னர் அதைத் திருப்பியனுப்பினார். 2023 மார்ச் 23-ந் தேதி சட்டசபை இரண்டாம் முறையாக நிறைவேற்றியது. ஏப்ரலில் சம்மதம் கிடைத்தது. நவம்பர் 9-ந் தேதி ஹைகோர்ட், சட்டம் செல்லும், ஆனால் ரம்மிக்கும் போக்கருக்கும் செல்லாது என்றது. 2025-ல் இரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாது என்று விதி வந்தது. அவ்விதியை ஜூன் மாதம் ஹைகோர்ட் ஏற்றுக்கொண்டது. இதற்கிடையில் மத்திய சர்க்கார் 2023 அக்டோபர் முதல் ஆட்டத்துக்குக் கட்டும் முழுத் தொகையின் மேல் நூற்றுக்கு 28 வீதம் வரி வாங்கிப் பங்காளியாயிற்று. கடைசியில் 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டே சட்டம் செய்து, திறமையென்றாலும் அதிர்ஷ்டமென்றாலும் பணம் வைத்து ஆடும் இன்டர்நெட் ஆட்டங்களைத் தேசம் முழுவதும் தடுத்தது. ஆட்டத்தை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. அச்சட்டத்தை எதிர்த்த வழக்குகளை அடுத்த மாதமே சுப்ரீம் கோர்ட் தன்னிடம் வரவழைத்துக்கொண்டது.

இவ்வளவு போராடியும் எண்ணூர்ச் சாலையில் காசு மழை பெய்வது ஏன்? அந்த லாரி டிரைவர் தட்டிக்கொண்டிருப்பது பண ஆட்டம் அன்று என்று சொல்லப்படுகிறது. அது பழைய வீட்டுக் காசினோவின் பேரப்பிள்ளை. விலை கொடுக்காமலே கிடைக்கும். முதல் நாள் லட்சக்கணக்கில் பொய்க் காசை இனாமாகத் தரும். ஜெயித்தாலும் அந்தக் காசை ரூபாயாக மாற்ற முடியாது. ஆகவே சூது இல்லை என்பார்கள். ஆனால் காசு தீர்ந்ததும் விளையாட்டை மூடித் திறந்து பாருங்கள். நமது பழைய தட்டைப்போல் அது முதல் நாள் காசைத் திருப்பித் தராது. நாளைக் காலைவரை காத்திரு, அல்லது 89 ரூபாயோ 899 ரூபாயோ ஏதோ ஒரு தொகையைக் கொடுத்துப் புதிய காசு வாங்கு என்கிறது. கொடுத்தது கொடுத்ததுதான். மெய்ச் சூதுமனையிலாவது பத்து ரூபாய் கட்டியவருக்கு என்றைக்காவது ஒரு நாள் 360 ரூபாய் திரும்பும். இங்கே ஜெயித்தவருக்கும் ஒரு காசு திரும்புவதில்லை. மெய்ப் பணம் பொய்க் காசாகிறது. பொய்க் காசு ஒருபோதும் மெய்ப் பணமாவதில்லை. ரூலெட்டில் நூற்றுக்கு 5 ரூபாய் 26 காசு போகிறது என்று மேலே கணக்கிட்டோம். இந்த ஆட்டத்தில் நூற்றுக்கு நூறும் போகிறது.

அற்பத் தொகைதானே என்று சில நண்பர்கள் ஆட்சேபிக்கக்கூடும். காசிமேட்டில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக ஏற்பட்ட நியாயமான தடை அது. வலை பின்னும் வேலை முடிந்தபின் நெடும் பகல் கிடக்கிறது. கையில் செல்போன் கிடக்கிறது. கம்பெனிகளில் காண்டிராக்டில் வேலை செய்யும் இளைஞருக்கு, இரவு ஷிப்டு முடிந்து அடுத்த ஷிப்டு கிடைக்குமோ கிடைக்காதோ என்று காத்திருக்கும் நாட்கள் உண்டு. ஓய்வு வேறு, வேலையின்மை வேறு. வேலையின்றிக் காத்திருக்கும் மனிதனின் நேரத்தையே இக்கம்பெனிகள் விலைக்கு வாங்குகின்றன. அதுவும் அவன் காசைக் கொண்டே வாங்குகின்றன. இவர்களைச் சோம்பேறிகள், சூதாடிகள் என்று ஏசும் கனவான்கள், அந்த வரிசையில் ஓர் இரவு லாரியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2025-ஆம் ஆண்டுச் சட்டம் சமூக விளையாட்டு என்று ஒரு வகையை அனுமதிக்கிறது. அதற்குச் சந்தாவோ ஒரு முறை நுழைவுக் கட்டணமோ வாங்கலாம். ஆனால் அக்கட்டணம் பணயத்தின் தன்மை உடையதாக இருத்தல் கூடாது. நமது பழைய தட்டு இவ்வகையில் அடங்கும். அதில் தகராறு இல்லை. அதே சட்டம், பணயம் என்பதில் பணம் கொடுத்து வாங்கிய காசு, டோக்கன் முதலியவற்றையும், பெயர் எதுவாயினும், மெய்யுருவாயினும் மாயவுருவாயினும் சேர்த்துக்கொள்கிறது. எனவே 89 ரூபாய் கொடுத்து வாங்கிய பொய்க் காசு பணயமே என்பது நமது அபிப்பிராயம். கம்பெனிகளின் வக்கீல்கள் வேறு வழியில் வருவார்கள். பண ஆட்டம் என்பதற்குப் பணலாபம் முதலிய ஆதாயத்தை எதிர்பார்த்து ஆடுதல் என்ற அம்சமும் வேண்டும்; எங்கள் ஆட்டத்தில் ஆதாயமே கிடையாது; ஆகவே நாங்கள் குற்றவாளிகள் அல்ல என்பார்கள். ஆடுபவனுக்கு ஒன்றும் தராததையே தங்களுக்குப் பாதுகாப்பாகக் காட்டும் இந்த வாதத்தின் துணிவை மெச்ச வேண்டியதுதான்.

இவ்வாதம் அமெரிக்காவில் ஒரு முறை எடுபடவில்லை. 'பிக் ஃபிஷ் காசினோ' என்ற இவ்விதமான ஆட்டத்தில் பணம் இழந்த ஒருவர் வாஷிங்டன் மாகாணத்துச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தார். 2018 மார்ச்சில் ஒன்பதாம் வட்டார அப்பீல் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அம்மாகாணச் சட்டத்தில், கட்டணமின்றி மேலும் ஆடும் உரிமையும் மதிப்புள்ள பொருள் என்று கண்டிருந்தது. பொய்க் காசு இல்லாமல் ஆட முடியாது; அது தீர்ந்தால் பணம் கொடுத்து வாங்க வேண்டும்; ஆகவே பொய்க் காசுக்கு மதிப்பு உண்டு என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். எளிய தர்க்கம், மறுக்க முடியாத தர்க்கம். 2020-ல் அந்த வழக்குகளை முடிக்க 15 கோடி 50 லட்சம் டாலர் கொடுப்பதற்கு கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. சூதுக்குப் பேர்போன லாஸ் வேகாஸைத் தன்னிடத்தே கொண்ட தேசத்தில் ஒரு நியாயஸ்தலம் கண்ட உண்மையை, 1930-லேயே சூதாட்டச் சட்டம் செய்த சென்னை ராஜதானியின் வாரிசுகளாகிய நாம் காண முடியாதா?

எல்லா விளையாட்டுகளையும் தடுத்துவிட வேண்டும் என்பது நமது கட்சியன்று. தட்டின் விலையைப்போல் ஒரு முறை பணம் வாங்கிக்கொண்டு, பொய்க் காசை அளவின்றிக் கொடுக்கும் காசினோ விளையாட்டு யாருக்கும் கேடு செய்யாது. கணக்குக் கற்பிக்கவும் கூடும். பொய்க் காசை மெய்க் காசுக்கு விற்பதையே தடுக்க வேண்டும். ஆட்டத்தின் வாசலிலேயே, நூறு காசு வைத்தால் சராசரியில் எத்தனை திரும்பும் என்பதைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும். ஒத்திகை ஆட்டமும் உள்ளாட்டமும் ஒரே விதிப்படி நடக்கின்றனவா என்பதைப் பரிசோதிக்கும் அதிகாரம் வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கென்றே 2023-ல் இன்டர்நெட் விளையாட்டு ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. ரம்மியைப் பற்றி விதி செய்த அந்த ஆணையம், காசு விற்கும் காசினோ விளையாட்டு சட்டத்தின் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதைத் தெளிவாக அறிவிக்கும்படி கேட்கிறோம்.

அப்படிக் கேட்பதற்குச் சாட்சியம் வேண்டும். இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மணலிப் பகுதிகளில் இவ்விதம் பொய்க் காசு வாங்கியவர்கள், தங்கள் செல்போனுக்கு வந்த ரசீதுகளின் நகலை நமது காரியாலயத்துக்கு அனுப்புவார்களாக. தொழிற்சங்கக் காரியதரிசிகளும் மீனவ கிராமத்துப் பெரியவர்களும் அவற்றைச் சேகரித்து அனுப்பினால் இன்னும் நலம். பெயர் விவரங்களை வெளியிடமாட்டோம். எந்தத் தேதியில், எவ்வளவு தொகை, எத்தனை மணிக்கு வாங்கப்பட்டது என்ற மூன்றும் தெரிந்தால் போதும். இரவு 12 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடைப்பட்ட ரசீதுகளைத் தனியே கட்டி அனுப்பும்படி வேண்டுகிறோம்.